மஞ்சள் வைத்த பிளான்

காண்ட்ராக்டரின் தகர ஷெட்டுக்குள் நுழைந்தால் எதிர்ச் சுவரில் வரிசையாக மூன்று சமாச்சாரங்கள் மாட்டியிருக்கும். முதலில் பெரியபாளையத்து அம்மன் படம். அடுத்தது சிமெண்ட் கடைக்காரர் கொடுத்த காலண்டர். மூன்றாவது நான் வரைந்த பிளான். பளபளவென்று லேமினேஷன் போட்டு, நான்கு மூலையிலும் மஞ்சளும் குங்குமமும் அப்படியே உள்ளே அடைபட்டிருக்கும். காலையில் அம்மனுக்குச் சாம்பிராணி காட்டுகிற கையோடு பிளானுக்கும் ஒரு சுற்று காட்டுவார்கள். இத்தனை வருஷத் தொழிலில் என் வரைபடத்துக்குக் கிடைத்த அதிகபட்ச மரியாதை அதுதான். அந்த மரியாதையால் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் உள்சாலை ஒன்றில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை. அதன் பின்புறம் தொழிலாளர்களுக்காக இரண்டு தளக் கட்டடம் ஒன்று கட்டினார்கள். கீழே உடை மாற்றும் அறையும் கழிப்பறைகளும், மேலே சாப்பாட்டுக் கூடம். படம் வரைந்தது நான். வீடு மீஞ்சூரில் இருந்ததால் எனக்கு வசதியான வேலை. புறநகர் ரயிலில் ஏறினால் கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் முட்டி இடித்துக்கொண்டு போய்விடலாம். வாரத்துக்கு ஒரு நாள், கான்கிரீட் போடுவதற்கு முன்னால் கண்டிப்பாக ஒரு நாள் என்று கணக்கு.

ஆர்க்கிடெக்ட் என்றால் படம் வரைகிறவர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்தப் பேட்டை வாட்ச்மேன் கட்டட முகப்புப் படத்தின் பெயரை வைத்து என்னைக் கடைசி வரை 'எலிவேஷன் மேடம்' என்றுதான் கூப்பிட்டார். உண்மையில் படம் வரைவது வேலையில் பாதிகூட இல்லை. கட்டும்போது நடுவில் நிற்பதுதான் பெரிய வேலை. ஒரு பக்கம் ஓனர், ஒரு பக்கம் காண்ட்ராக்டர். சம்பளம் தருவது ஓனர். ஆனால் இருவருக்கும் தகராறு வந்தால், எது நடந்ததோ அதைச் சொல்ல வேண்டியது நான். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது.

இதற்காக நான் சில பழக்கங்களைப் பிடிவாதமாக வைத்திருந்தேன். கொத்தனாரிடமோ கம்பி கட்டுகிறவரிடமோ நேராக எதையும் மாற்றச் சொல்ல மாட்டேன். எதுவானாலும் காண்ட்ராக்டரிடம் சொல்வேன், சொன்னதை சைட் புக்கில் எழுதுவேன். அந்தப் புத்தகத்தில் கார்பன் வைத்து மூன்று பிரதி வரும். ஒன்று ஓனருக்கு, ஒன்று எனக்கு, அடிப்பிரதி காண்ட்ராக்டரிடம். நான் எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்று தெரியும். இருந்தாலும் எழுதினேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. மற்ற சைட்களில் வாய்வார்த்தையில் வேலை நடக்கிறது, நம் சைட்டில் எல்லாம் எழுத்தில் இருக்கிறது என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

காண்ட்ராக்டர் ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரர். கொத்தனாராக ஆரம்பித்தவர். பேட்டைக்குள் காம்பவுண்டு சுவர், சிமெண்ட் தரை, செக்யூரிட்டி ரூம் என்று பல வருஷம் துண்டு வேலைகள் செய்து, முதல் தடவையாக ஒரு முழுக் கட்டடம் கைக்கு வந்திருந்தது. அவரிடம் இருபது பேர் வேலை பார்த்தார்கள். பாதிப்பேர் அவர் ஊர், மீதி எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள். கோபம் வந்தால் யாரையும் 'நைனா' என்று ஆரம்பித்துத்தான் திட்டுவார். தமிழ் சரளமாகப் படிப்பார். ஆங்கிலத்தில் எண்கள் மட்டும். ஆனால் வரைபடத்தைப் படிப்பதில் பல இன்ஜினீயர்களைவிடக் கெட்டிக்காரர். கோட்டைப் பார்த்தே சுவர் ஒன்பது அங்குலமா நாலரையா என்று சொல்லிவிடுவார்.

பூமி பூஜை அன்று ஐயர் தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், முதல் செங்கல் எல்லாம் அடுக்கிவிட்டு, "பிளான் எங்கேம்மா?" என்று கேட்டார். இந்தப் பக்கத்தில் அது வழக்கம். நான் சுருளிலிருந்து முதல் ஷீட்டை உருவிப் பெருமையோடு கொடுத்தேன். தூண்கள் எங்கெங்கே வரும் என்று காட்டும் தரைத்தள வரைபடம் அது. மூலைக்கு மூலை மஞ்சள் வைத்து, ஓனர் கையால் காண்ட்ராக்டருக்குக் கொடுக்கச் சொன்னார்கள். அவர் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். அடுத்த வாரம் நான் போனபோது அது லேமினேஷனோடு சுவரில் இருந்தது. அவ்வளவு பெரிய தாளுக்கு லேமினேஷன் போட இங்கே ஆள் இல்லை என்று பாரிமுனை வரை போய்வந்திருக்கிறார்.

பிறகு ஒரு திருத்தம் வந்தது. மேலே சாப்பாட்டுக் கூடத்துக்கு இரண்டு படிக்கட்டு வரைந்திருந்தேன். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. இரண்டும் மேற்குப் பக்கத்திலேயே இருந்தன. தீயணைப்பு அனுமதிக்குப் போனபோது, அந்தப் பக்கம் புகை சூழ்ந்தால் இரண்டும் ஒருசேர அடைபடுமே என்று கேட்டுத் திருப்பினார்கள். சரியான கேள்வி. நானே முதலில் யோசித்திருக்க வேண்டியது. வெளிப்படிக்கட்டைக் கிழக்குக் கோடிக்கு மாற்றி வரைந்தேன். போகிற போக்கில் கழிப்பறைக் குழாய்கள், இரண்டு ஜன்னல், மழைநீர் வடிகால் என்று இன்னும் ஆறு மாற்றங்களையும் சேர்த்தேன். அனுமதியும் கிடைத்தது.

புது ஷீட்டை எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போன நாள் வெள்ளிக்கிழமை. காண்ட்ராக்டரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் விளக்கினேன். அந்த ஒரு மணி நேரமும் கழிப்பறைக்கே போய்விட்டது. குழாய் சரிவு, குழியின் ஆழம், எந்தப் பக்கம் இறக்கம் என்று அதிலேயே இருவரும் மாய்ந்தோம். படிக்கட்டு எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. நாலு தூண் இடம் மாறுகிறது, அவ்வளவுதானே. "மத்த மாத்தமெல்லாம் மூலையில லிஸ்ட் போட்டிருக்கு, பாத்துக்கோங்கண்ணா" என்று முடித்தேன். அந்த லிஸ்ட் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்தது.

"பழைய ஷீட்டைத் தூக்கிப் போட்ருங்க" என்றேன்.

"சரிங்க மேடம்" என்றார். புது ஷீட் பெற்றுக்கொண்டதற்கு என் நோட்டில் கையெழுத்தும் போட்டார்.

உண்மையில் தூக்கிப் போடச் சொல்வது என் வேலை இல்லை. பழைய தாளை நானே திரும்ப வாங்க வேண்டும். குறுக்கே சிவப்புக் கோடு போட்டு 'ரத்து' என்று எழுதி என்னோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது இது. ஒப்பந்தத்தில் என் கையாலேயே டைப் அடித்துச் சேர்த்ததும் இதுதான். பையிலிருந்து சிவப்பு மார்க்கரை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் போனேன்.

அன்று அம்மன் படத்துக்குக் கதம்பம் போட்டிருந்தார்கள். அதில் ஒரு துண்டைக் கிள்ளி பிளான் மேலும் செருகியிருந்தார்கள். கீழே ஊதுவத்தி எரிந்துகொண்டிருந்தது. நான் கோயில் குளம் என்று போகிற ஆள் இல்லை. வீட்டில் விளக்கேற்றுவதே மற்றவர்கள் ஞாபகப்படுத்தினால்தான். ஆனாலும் அந்த மஞ்சளுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு இழுக்க எனக்குக் கை வரவில்லை. காண்ட்ராக்டர் வேறு பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று மார்க்கரைப் பைக்குள் போட்டேன். என்னாலேயே முடியாததை அவரைச் செய்யச் சொல்லிவிட்டு வந்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

அவர் அதைத் தூக்கிப் போடவில்லை. எப்படிப் போடுவார்? புது ஷீட்டையும் அலட்சியமாக வைக்கவில்லை. மழைக்கும் கரையானுக்கும் பயந்து, மடிப்புக் கலையாமல் தன் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். கழிப்பறை வேலை நடந்தபோது மட்டும் அது வெளியே வந்தது. நான் விளக்கியது முழுக்க அப்படியே நடந்தது, ஒரு குழாய் பிசகவில்லை. பிறகு பெட்டிக்குள் போய்விட்டது. சைட்டில் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிற பிளான் சுவரில் இருந்ததுதான்.

வெளிப்படிக்கட்டின் அஸ்திவாரக் குழிகளில் கம்பி கட்டி முடித்து, பார்க்கச் சொல்லி எனக்கு போன் வந்தது ஐப்பசி மழையில். அன்று மீஞ்சூர் ஸ்டேஷனிலேயே தூறல். வரைபடச் சுருள் நனைந்துவிடும் என்று அதை வீட்டிலேயே வைத்துவிட்டுக் குடையோடு மட்டும் ரயில் ஏறினேன். சைட்டில் லேமினேஷன் போட்டது ஒன்று இருக்கிறதே என்ற நினைப்பு. மழைக்கு அதைவிட வசதி ஏது?

ஷெட் வாசலில் நின்று, சுவரில் இருந்த பிளானைப் பார்த்து அளவுகளை ஒவ்வொன்றாக நான் கூப்பிட்டேன். காண்ட்ராக்டரும் கம்பி மேஸ்திரியும் குழிக்குழியாக டேப் பிடித்தார்கள். மூலைத் தூணிலிருந்து இத்தனை அடி, சுவரிலிருந்து இத்தனை அடி. படமும் குழியும் இம்மி பிசகாமல் பொருந்தின. எனக்குச் சந்தோஷம். பிறகு குழியில் இறங்கிக் கம்பியின் கனம், இடைவெளி எல்லாம் பார்த்தேன். ஒரு குழியில் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் என்கிற சிமெண்ட் கட்டைகளை வைக்காமல் விட்டிருந்தார்கள். கம்பி மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு பாட்டு பாடினேன். காண்ட்ராக்டர் மேஸ்திரியைப் பார்த்து, "நைனா, மேடம் கண்ணுல மாட்டாம ஒண்ணியும் தப்பாது, பாத்துக்க" என்றார். அதிலும் எனக்குச் சந்தோஷம்.

சைட் புக்கில் எழுதினேன்: 'வெளிப்படிக்கட்டு அஸ்திவாரம் நான்கும் வரைபடப்படி சரிபார்க்கப்பட்டது. கான்கிரீட் போடலாம்.' கையெழுத்திட்டேன். எந்த வரைபடம், எந்தத் திருத்தம் என்று எண் போடவில்லை. நானே மாற்றி வரைந்த படிக்கட்டு, நானே நின்று பார்த்தேன், மேற்கில் இருக்கிறதே என்று தோன்றவில்லை. அளவு பொருந்திவிட்டால் மனசு அதற்கு மேல் எதையும் கேட்பதில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

தூண்கள் மார்பளவு எழும்பியபோது ஓனர் பின்புறம் வந்தார். பிளானை ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்தவர் இல்லை. அன்றைக்குப் புது ஜெனரேட்டர் வைக்க இடம் தேடி வந்தவர், மேற்குப் பக்கம் காலி என்று நினைத்துப் போனால் அங்கே நாலு தூண் நிற்கிறது. அனுமதி வாங்கிய படத்தைப் போனில் திறந்து பார்த்தார். படத்தில் படிக்கட்டு கிழக்கே இருந்தது. எனக்கு போன் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் காண்ட்ராக்டரையும் தன் அறைக்கு வரச் சொல்லியிருந்தார்.

நாற்காலி காலியாக இருந்தும் காண்ட்ராக்டர் உட்காரவில்லை. ஓனர் கத்தவில்லை. கத்துகிற ரகம் இல்லை அவர்.

"புது ட்ராயிங் இவருக்குக் குடுத்தீங்களா மேடம்?"

"குடுத்தேன் சார்."

"சைன் வாங்கினீங்களா?"

நோட்டைக் காட்டினேன்.

"அப்ப சிம்பிள். ட்ராயிங்கை ஃபாலோ பண்ணலன்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்துடுங்க. அக்ரிமெண்ட்ல அதுக்குக் கண்டிஷன் இருக்கு. மீதியை நான் பாத்துக்கறேன்."

அந்த ஷரத்தும் நான் சேர்த்ததுதான். காண்ட்ராக்டர் வரைபடத்தை மீறிக் கட்டினார் என்று ஆர்க்கிடெக்ட் எழுத்தில் சான்று கொடுத்தால், ஓனர் அவரை வேலையிலிருந்து நீக்கலாம். பேட்டையில் ஓனர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒரு இடத்தில் பாதியில் வெளியே அனுப்பினால், மறுநாள் எல்லா கேட்டுக்கும் செய்தி போய்விடும்.

ஓனர் காண்ட்ராக்டரைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"இன்னா சார் சொல்றது. புது ஷீட்டு வாங்கிக்கினேன். பெட்டில வெச்சிக்கீறேன். கையெழுத்து என்னுதுதான். பாக்காம உட்டது என் தப்பு."

அவ்வளவுதான் சொன்னார். மேடம் வந்து பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுத்தாரே என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும், எதையாவது பேசிச் சமாளித்திருப்பேன். மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்படி ஒரு அவமானமாக இருந்தது.

நான் சரிபார்த்து எழுதிக் கொடுத்ததை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "ரெக்கார்டெல்லாம் ஒரு தடவை பாத்துட்டு திங்கட்கிழமை எழுதித் தரேன் சார்." பயந்தேன், அவ்வளவுதான். பக்கத்து மனையில் ஓனர் ஒரு பெரிய கிடங்கு கட்டப் போவதாகவும், அதற்கும் படம் நான்தான் வரைய வேண்டும் என்றும் சொல்லி வைத்திருந்தார். அதை நம்பி இரண்டு சின்ன வேலைகளை வேண்டாம் என்று விட்டிருந்தேன்.

காண்ட்ராக்டர் என்னை ஸ்டேஷன் வரை பைக்கில் கொண்டுவந்து விட்டார். பஜார் தாண்டி, டிக்கெட் கவுண்டர் அருகே நிறுத்தினார்.

"நான் செவுத்துல இருந்த ஷீட்டைப் பாத்துத்தான் அளவு கூப்பிட்டேன். அதை நீங்க ஏண்ணா சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க கம்பி பாக்க வந்தீங்க மேடம். எடம் பாக்கறது என் வேலை."

"எடமும் பாத்தேன்."

"எழுதுனதுல அப்டி இல்லியே. வரைபடப்படின்னுதான கீது." ஆக, அவரும் அந்த வரியைப் படித்துப் பார்த்திருக்கிறார். "நீங்க லெட்டர் குடுங்க. உங்க மேல எனக்கு ஒண்ணியும் இல்ல. இங்க வெளிய அனுப்ச்சிட்டா அப்பாலே எந்த கேட்லயும் உடமாட்டாங்க, அவ்ளோதான். ஊருல போயி பழையபடி ஊடு பூசிக்கினு கெடக்க வேண்டியதுதான். ஆளுங்களுக்குத்தான் பேஜாரு. என்ன நம்பி வந்துட்டானுங்க."

ரயில் வந்துவிட்டது. நான் ஏறி உட்கார்ந்தேன். கவரைப்பேட்டை, பொன்னேரி எல்லாம் போனது தெரியவில்லை. அவர் சொன்னதுதான் திரும்பத் திரும்ப ஓடியது. எனக்குத் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது என்பதை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். 'வரைபடப்படி' என்று எழுதினேன், வரைபடம் என்றால் நடப்பில் உள்ள திருத்திய வரைபடம்தான், நான் பார்த்தது கம்பியை மட்டும்தான் என்று சொல்லிவிடலாம். எதிர்த்துப் பேச யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். 'ஒப்பந்தக்காரர் திருத்திய வரைபடத்தைக் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டார். எனினும் வெளிப்படிக்கட்டின் தூண்கள் அதன்படி அமைக்கப்படவில்லை.' படித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் முழுக் கடிதமும் பொய். இத்தனை வருஷமாக எல்லாவற்றையும் எழுத்தில் வை, எழுத்தில் வை என்று மற்றவர்களை நச்சரித்த எனக்கு, எழுத்தில் வைத்துக்கொண்டே எப்படி ஏமாற்றலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

ஓனரிடம் சம்பளம் வாங்குகிறவள் ஓனருக்கு எதிராகப் பேச வேண்டிய இடம் ஒப்பந்தத்தில் உண்டு. காண்ட்ராக்டருக்கு எதிராகப் பேச வேண்டிய இடமும் உண்டு. தனக்கு எதிராகப் பேச வேண்டிய இடம் என்று தனியாக எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருக்கிறதா என்று நிஜமாகவே புரட்டிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினேன்.

அதில் மூன்று விஷயங்கள் இருந்தன. திருத்திய வரைபடத்தைக் கொடுத்தபோது ரத்தான வரைபடத்தைத் திரும்ப வாங்க வேண்டியது ஆர்க்கிடெக்டின் பொறுப்பு, நான் வாங்கவில்லை. படிக்கட்டு இடம் மாறியதை நான் வாய்விட்டு விளக்கவில்லை. கான்கிரீட்டுக்கு முன்னால் தூண்களின் இடத்தை ரத்தான வரைபடத்தை வைத்து நானே சரிபார்த்து, போடலாம் என்று அனுமதி கொடுத்தேன். புது ஷீட்டைப் பார்க்காமல் விட்டது காண்ட்ராக்டரின் தவறு என்பதையும் எழுதினேன், ஏனென்றால் அதுவும் உண்மை. ஆனால் அவர் வரைபடத்தை மீறியதாகச் சான்று தர இயலாது என்று முடித்தேன்.

திங்கட்கிழமை ஓனர் அதை இரண்டு தடவை படித்தார்.

"இதை எழுதணும்னு அவசியமே இல்லையே மேடம். யாரு கேட்டா?"

"நீங்கதான் சார் லெட்டர் கேட்டீங்க."

அவர் சிரிக்கவில்லை. "இதை வெச்சு அவரை அனுப்ப முடியாது" என்றார்.

"முடியாது சார்."

"சரி. அவர் இருக்கட்டும். கிழக்குப் பக்கம் ஒழுங்கா கட்டி முடிங்க." கடிதத்தை மடித்து டிராயரில் போட்டார். "கிடங்கு வேலைக்கு வேற ஆர்க்கிடெக்ட்டைப் பாக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க செக்கிங்கை நம்பி நான் தூங்க முடியாது."

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். திரும்பக் கட்டும் செலவில் ஒரு பங்கு என் தலையில் விழுந்தது. அதைவிட அந்தக் கடைசி வாக்கியம்தான் ரொம்ப நாள் வலித்தது.

மேற்கில் எழும்பியிருந்த தூண்களை உடைத்தார்கள். அடியில் இருந்த அஸ்திவாரத்தைத் தோண்டி எடுப்பதற்குப் பதிலாக, அதன் மேலேயே ஒரு மேடை போட்டு ஜெனரேட்டரை வைத்துவிட்டார் ஓனர். நல்ல உறுதியான அஸ்திவாரம், கவர் பிளாக் எல்லாம் ஒழுங்காக வைத்தது. ஓனர் தேடி வந்த இடம் அவருக்குக் கிடைத்தது.

கிழக்கில் தூண்களின் இடம் குறித்து முளை அடிக்கும் நாளன்று மழை இல்லை. நான் புது ஷீட்டைச் சுருளோடு கொண்டு போயிருந்தேன். ஷெட்டுக்குள் போனேன், சிவப்பு மார்க்கரை எடுத்தேன். என் கடிதத்தைப் பற்றி யாரோ சொல்லித் தெரிந்திருந்தது என்பது காண்ட்ராக்டர் முகத்தில் இருந்தது.

"இருங்க மேடம்" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மனைக் கும்பிட்டு, பிளானைச் சுவரிலிருந்து அவரே இறக்கினார். பிளேடால் ஓரங்களை அறுத்து லேமினேஷனை உரித்துத் தாளை வெளியே எடுத்தார். மஞ்சள் மங்காமல் இருந்தது. "இப்ப போடுங்க."

குறுக்கே கோடு போட்டேன். 'ரத்து' என்று எழுதித் தேதி போட்டேன். விதிப்படி அதை நான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவர் கையை நீட்டினார். நான் கொடுத்துவிட்டேன். நாலாக மடித்து, புதிதாகத் தோண்ட வேண்டிய முதல் குழியின் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு செங்கல்லின் கீழ் வைத்தார். குழி தோண்டியதும் அடியில் போட்டுக் கான்கிரீட் போட்டுவிடுவாராம். குப்பைக்குப் போகாது, யார் கண்ணிலும் படவும் படாது. ரத்தான தாளை என்ன செய்வது என்று எங்கள் விதிகள் எதிலும் இவ்வளவு நல்ல ஏற்பாடு இல்லை.

பிறகு புது ஷீட்டைத் தரையில் விரித்து அளவு கூப்பிட்டேன். இந்தத் தடவை முதலில் ஷீட் எண்ணையும் திருத்த எண்ணையும் சத்தமாகப் படித்தேன். சைட் புக்கிலும் அவற்றை எழுதினேன். காண்ட்ராக்டர் அதை வாங்கிப் படித்துவிட்டு, என் கையெழுத்துக்குக் கீழே கேட்காமலேயே தன் கையெழுத்தையும் போட்டார். மேஸ்திரி நாலு முளையும் அடித்து முடித்தார்.

ஒரு வெற்றிலையில் மஞ்சள் குழைத்து எடுத்துக்கொண்டு காண்ட்ராக்டர் புது ஷீட்டின் பக்கம் குனிந்தார்.

"வேணாண்ணா" என்றேன். "நாளைக்கு இதையும் மாத்துவேன்."

வெற்றிலையோடு நிமிர்ந்தார். எழுந்து போய் முதல் முளையின் தலையில் மஞ்சளைத் தடவினார். அங்கேயே குந்தி உட்கார்ந்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இது மாறாதில்ல மேடம்?"

டேப்பை வாங்கி, மூலைத் தூணிலிருந்து ஒரு தடவை, சுவரிலிருந்து ஒரு தடவை திரும்ப அளந்தேன். ஷீட்டைப் பார்த்தேன். சூரியன் எந்தப் பக்கம் என்றும் பார்த்துக்கொண்டேன்.

"மாறாதுண்ணா" என்றேன்.